முழு விலாசம்

நீதிமன்றத்தின் பின்வாசலில், மதிலை ஒட்டி ஒரு தகரக் கூரை இருக்கிறது. அதன் கீழே இரண்டு பிழைப்பு நடக்கிறது. ஒன்று என்னுடைய ஜெராக்ஸ் இயந்திரம். மற்றது அக்காவின் மேசை. மேலே ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எதிரே ஆட்டம் கொடுக்கும் ஒரு நாற்காலி. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பதினோரு வருஷம் ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்து தினம் சண்டை போட்டால் அவள் அக்காதான். என் இயந்திரத்தின் சூடு அவள் பக்கம் வீசுகிறதாம். அவளுடைய ஃபேன் காற்றில் என் தாளெல்லாம் பறக்கிறது. உள்ளே எத்தனையோ வழக்குக்குத் தீர்ப்பு வந்துவிட்டது, எங்கள் வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

அக்காவின் தொழில் மனு அடிப்பது. வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் நேரே அவளிடம் வருவார்கள். வாடகைத் தகராறு, பிறப்புச் சான்றிதழில் பிழை, பிள்ளையைக் கண்ணில் காட்டாத புருஷன், எல்லாம் அந்த ஆடும் நாற்காலிக்கு வந்துதான் ஆக வேண்டும். அவர்கள் அழுவார்கள். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ‘மனுதாரர் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்’ என்று அடித்துக்கொண்டே போவாள். “எப்படிக்கா இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே?” என்று ஒருநாள் கேட்டேன். “இதையெல்லாம் உள்ள வாங்கினா நான் எப்பவோ பைத்தியம் புடிச்சு அலைஞ்சிருப்பேன்டி. காது வழியா வரணும், விரல் வழியா போயிடணும். நடுவுல தங்கக் கூடாது” என்றாள். நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? ஒரு நாளைக்கு ஆயிரம் பக்கம் என் கண்ணாடி மேல் படுத்து எழுந்து போகிறது. ஒன்றையாவது படித்திருப்பேனா? தாள் கோணலாக விழுகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

வளாகத்தில் அக்காவுக்கு ‘முழு விலாசம்’ என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான். யார் வந்து உட்கார்ந்தாலும் அவளுடைய முதல் கேள்வி அதுதான். கதவு எண், தெரு மட்டும் சொன்னால் விடமாட்டாள். எந்த மாடி, எந்தப் படிக்கட்டு, வலது கதவா இடது கதவா, பக்கத்தில் என்ன அடையாளம் என்று குடைந்து எடுப்பாள். அதற்குக் காரணம் உண்டு. அவள் வீட்டுக்காரர் இதே நீதிமன்றத்தில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தார். அரைகுறை விலாசத்தை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைவார். ஒருநாள் உச்சி வெயிலில், இல்லாத ஒரு கதவு எண்ணைத் தேடி மூன்றாவது தடவை அதே தெருவைச் சுற்றியபோது சுருண்டு விழுந்தவர்தான். கையில் சம்மனோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பேச்சு வராமலே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு அக்கா அடித்த மனு ஒன்றில்கூட விலாசம் குறைந்து நான் பார்த்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வமும் இருந்தது. இருக்கட்டுமே, வேறென்ன இருந்தது அவளுக்கு?

அந்தத் திங்கட்கிழமை ஒரு பெண்ணும் அவளுடைய சித்தியும் வந்தார்கள். பெண்ணுக்குப் பள்ளிச் சீருடை. அடிக்கிற வெயிலிலும் அவள் மேலே ஒரு முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். சித்திக்கு முப்பது வயது இருக்கலாம், ஏதோ கம்பெனியின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

“பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனு போடணும்” என்றாள் சித்தி.

“யாருக்கு? உங்களுக்கா?”

“இவளுக்கு.”

அக்கா பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். “வயசு?”

“பதினாறு முடிஞ்சிடுச்சு” என்றாள் பெண்.

“மைனர்மா நீ. அப்பா அம்மா வந்துதான் போடணும். அதுவும் இது புருஷன் பொண்டாட்டிக்குல்ல? கல்யாணம் ஆகல, ஒரே வீட்டுல இருக்கல, இதுல எந்தக் கணக்குல போடறது?”

சித்தி விடவில்லை. “சட்ட உதவி மையத்துக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேங்க. பழகுறவங்களுக்குள்ள நடந்தாலும் போடலாமாம். பதினாறு முடிஞ்சிருந்தா அவளே கையெழுத்துப் போடலாம், நம்பிக்கையான பெரியவங்க ஒருத்தர் கூட இருந்தாப் போதும்னாங்க. அங்க வக்கீலம்மா வெளியூர் போயிருக்காங்களாம், புதன்கிழமைதான் வருவாங்க. ‘அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னிக்கே மனுவைப் போட்டுடுங்க’ன்னு சொன்னாங்க.”

“சட்டம் நல்லாத்தான் வளர்ந்திருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா விசைப்பலகையை இழுத்தாள். நானும் இயந்திரத்தில் தாள் அடுக்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அவனுக்குப் பத்தொன்பது வயது. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை. உடைந்த திரையை மாற்றப் போனவளோடு பழக்கமாகியிருக்கிறது. முதல் இரண்டு மாதம் நல்லாத்தான் இருந்தானாம். பிறகு, எங்கே இருக்கிறாள் என்று ஒரு மணிக்கு ஒருதரம் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பிறகு, அவள் போன் எங்கே போனாலும் அவன் போனில் தெரிகிற மாதிரி செய்துவிட்டான். அவள் பள்ளி வாலிபால் அணியில் சேர்ந்தாள் என்று தெரிந்த அன்றைக்கு வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். போன மாதம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே இரண்டு மணி நேரம் வைத்திருந்து, முகத்தைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். முன்பல்லில் ஒரு சில்லு போய்விட்டது. அவனிடம் அவளுடைய படங்கள் சில இருக்கின்றன. விட்டுப் போனால் அவை பள்ளி முழுக்கச் சுற்றும் என்று சொல்லியிருக்கிறான்.

“வீட்டுல சொன்னியா?” என்று கேட்டாள் அக்கா, தலை நிமிராமல்.

“சொன்னேன். ‘உன்னை யாரு பழகச் சொன்னது’ன்னு அப்பா கேட்டாரு.” அவ்வளவுதான் சொன்னாள். இதைக் கேட்டு என் வாய்க்கு வந்ததை இங்கே எழுத முடியாது. சித்திதான் சொந்தப் பிள்ளை மாதிரி அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வாடகை அறையில் வைத்திருந்தாள். போனையும் அணைத்து அலமாரியில் பூட்டிவிட்டார்களாம். இந்த ஊரில் அவள் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும்தான் உயிர்.

“சரி, முழு விலாசம் சொல்லு. இப்ப எங்க இருக்கே?”

பெண் சித்தியைப் பார்த்தாள். “அதை எழுதித்தான் ஆகணுமா அக்கா? எங்க வீட்டு விலாசத்தைப் போட்டாப் போதாதா?”

“இருக்கறது ஒரு இடம், எழுதறது ஒரு இடமா? நாளைக்குக் கோர்ட்டுலேருந்து ஆள் வந்து தேடினா நீ அங்க இருக்க வேணாமா? விலாசம் சரியில்லன்னா மனு திரும்பி வந்துடும்மா. மறுபடியும் முதல்லேருந்து அலையணும். உனக்காகத்தான் சொல்றேன்.”

உண்மையிலேயே அவளுக்காகத்தான் சொன்னாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறமாட்டேன் என்கிறது. பெண் மெல்லிய குரலில் சொல்லச் சொல்ல அக்கா அடித்தாள். தையல் கடைக்கு மேல்மாடி. பின்பக்கப் படிக்கட்டு. ஏறியதும் இடது கதவு. அடையாளம், தெருமுனையில் பேருந்து நிறுத்தம்.

மூன்று நகல் எடுத்தேன். நீதிமன்றத்துக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, எதிர்மனுதாரருக்கு ஒன்று. நான்தான் எடுத்தேன். ஓரம் சரியாகத் தட்டி, ஸ்டேப்ளர் அடித்து, “இந்தா கண்ணு, பயப்படாதே, எங்க அக்கா அடிச்ச மனு உள்ள போனா வேலை முடியாம வெளிய வராது” என்று பெருமை வேறு பீற்றிக்கொண்டேன். அன்று மாலையே நீதிபதி இடைக்கால உத்தரவு போட்டுவிட்டார். அவன் அவளை நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது, மீறினால் கைது. பெண் உத்தரவை வாங்கிக்கொண்டு வந்து எங்களிடம் காட்டிச் சிரித்தாள். அப்போதுதான் அந்த உடைந்த பல்லைப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு வக்கீலம்மா வந்தாள். சட்ட உதவி மையத்தில் இருக்கிற சின்னப் பெண், நடையிலேயே ஒரு வேகம். பெண்ணின் வழக்கை இனி அவள்தான் நடத்தப் போகிறாள், கோப்பை நகல் எடுக்க வந்திருந்தாள். முதல் பக்கத்தைக் கண்ணாடியில் வைக்கப் போனேன். “ஒரு நிமிஷம்” என்று தாளைப் பிடுங்கினாள்.

“இந்த விலாசம் எங்கேருந்து வந்தது?”

“எங்கேருந்துன்னா? அந்தப் பொண்ணு சொன்னது” என்றாள் அக்கா.

“அவ ஒளிஞ்சிருக்கிற இடத்தையா எழுதினீங்க? ஐயோ, இதை மறைக்கலாமேங்க! விலாசத்தைத் தனித்தாள்ல எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, நீதிபதிகிட்ட மட்டும் குடுக்கலாம். மனுவுல ‘நீதிமன்றத்திடம் அளிக்கப்பட்டுள்ளது’ன்னு மட்டும் இருந்தாப் போதும். நாலு வருஷமா இருக்கிற விதிங்க இது. மைனருக்குன்னா கேட்காமலே குடுப்பாங்க. சுற்றறிக்கைகூட வந்துச்சே, எல்லா அறைக்கும் அனுப்பினாங்களே!”

அக்காவின் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தேடினாள். நான்கு வருஷத்துக்கு முந்தைய கோப்பு ஒன்று திறந்தது. சுற்றறிக்கை. அலுவலக டைப்பிஸ்ட் விடுப்பில் இருந்ததால் அன்றைக்கு அதை அக்காவிடம் கொடுத்து அடித்து வாங்கியிருக்கிறார்கள். ஐந்தாவது பத்தியில் எல்லாம் இருந்தது. இளம் வயதினர் மனு, பழகுபவர்களுக்கும் பொருந்தும், விலாசம் உறையிலிட்டு. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

“நான்தான் அடிச்சிருக்கேன்” என்றாள் அக்கா. “நீதான்டி நகல் எடுத்திருக்கே.”

நூற்றிருபது நகல். எனக்கு நினைவு வந்துவிட்டது. அடுக்கி, கட்டி, நானே சுமந்துகொண்டு போய்க் கொடுத்தேன். 

“அந்தப் பையனுக்குப் போக வேண்டிய நகல் எங்கே?” என்று கேட்டாள் வக்கீலம்மா.

அது காலையிலேயே சம்மன்காரர் பையில் ஏறிவிட்டது. அவர் அக்காவின் வீட்டுக்காரரிடம் வேலை பழகியவர், அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். அக்கா அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வண்டி ஓட்டும்போது போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற ஒழுங்கான மனுஷர் அவர், ஒழுங்காக இருந்து தொலைத்தார். சித்திக்குப் போட்டோம். கம்பெனியில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதுவும் அடித்து ஓய்ந்தது. பெண்ணிடம் போனே இல்லை. அன்றைக்குப் பள்ளி விடுமுறை, வெள்ளிக்கிழமைப் பரீட்சைக்காக அறையில் தனியாகப் படித்துக்கொண்டிருப்பாள்.

“நான் நீதிபதியைப் பார்த்து அவசர உத்தரவு கேட்கிறேன், ஸ்டேஷனுக்கும் சொல்றேன். நீங்க போங்க” என்று வக்கீலம்மா உள்ளே ஓடினாள். இயந்திரத்தை அப்படியே போட்டுவிட்டு என் ஸ்கூட்டரை எடுத்தேன். அக்கா பின்னால் ஏறினாள், ஏறும்போது ஒரு செருப்பு கழன்றது. எடுக்கவில்லை.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. அங்கேதான் எங்களுக்குள் தகராறு.

“இடது பக்கம் திரும்பு. அவன் கடைக்குப் போ” என்றாள்.

“அறைக்குப் போயிடலாம்க்கா. பொண்ணை முதல்ல வெளிய கூட்டிட்டு வந்துடலாம்.”

“தாளைப் புடிச்சுட்டா எதுவுமே இல்லடி! அவன் கண்ணுல படாம புடிச்சுட்டா அவ எங்கயும் ஓட வேணாம், பரீட்சை எழுதலாம், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும். திரும்புடி! உன் கால்ல விழறேன், திரும்பு!”

பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். திரும்பினேன். திரும்பியிருக்கக் கூடாது.

கடை வாசலில் சம்மன்காரர் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், “என்ன அண்ணி, இந்தப் பக்கம்?” என்றார்.

“குடுத்துட்டியா?”

“இப்பத்தான். கையெழுத்தும் வாங்கியாச்சு. ஏன், என்ன ஆச்சு?”

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். அவன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். பார்க்க ஒன்றும் பயங்கரமாக இல்லை. ஒல்லியாக, சுத்தமான சட்டையோடு, எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய பிள்ளை. வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தான். எங்கள் இரண்டு பேரையும் போல இல்லை, அவன் படித்தான்.

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். “தம்பி, அந்தத் தாள்ல ஒரு தப்பு நடந்துடுச்சுப்பா. குடுத்துடு, மாத்திக் கொண்டாந்து தரேன்.”

அவன் கடைசிப் பக்கத்தின் அடியில் பார்த்தான். தட்டச்சு செய்தவர் என்று அங்கே அக்காவின் முத்திரை இருக்கும். “நீங்களா அடிச்சீங்க?” என்று கேட்டான். “ரொம்பத் தெளிவா இருக்குங்க.”

“குடுப்பா. நான் உன் அம்மா மாதிரி. கையெடுத்துக் கும்பிடறேன்.”

“இது எனக்குன்னு கோர்ட்டு குடுத்தது. படிக்கிறது என் உரிமைங்க.” குரலை உயர்த்தவே இல்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அவனை எட்டிப் பிடிக்க எனக்குக் கை நீண்டது, சம்மன்காரர் தடுத்தார். “தொட்டீங்கன்னா உங்க மேலதான் கேஸ் வரும்” என்றார்.

அங்கிருந்து நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு லாரிக்காரன் திட்டியது மட்டும் காதில் இருக்கிறது. அக்கா பின்னால் உட்கார்ந்து, “சீக்கிரம், சீக்கிரம்” என்று என் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். தையல் கடை வந்தது. அந்தத் தெருவுக்கு நாங்கள் இதற்கு முன் வந்ததே இல்லை. ஆனாலும் யாரிடமும் வழி கேட்கவில்லை. பின்பக்கப் படிக்கட்டு, ஏறினதும் இடது கதவு. அவ்வளவு சுலபமாக இருந்தது. அவனுக்கும் அவ்வளவு சுலபமாகத்தான் இருக்கும்.

“யாரு?”

“நான்தாம்மா, மனு அடிச்ச அக்கா.”

சங்கிலியைப் போட்டபடி கதவு ஒரு விரற்கடை திறந்தது. பிறகு முழுக்கத் திறந்தது. தரையில் பாடப்புத்தகங்கள், நீள நோட்டு, ஒரு மூலையில் சுருட்டிய படுக்கை. அக்கா உள்ளே போய் நின்றாள்.  நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, எங்கள் தப்பு என்றே சொன்னேன்.

அந்தப் பெண் அழுவாள், கத்துவாள், இரண்டு அறைகூட விடுவாள் என்று நினைத்தேன். அவள் சித்தியின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். அதிலிருந்து துணியை வெளியே எடுத்து அடுக்கியே இருக்கவில்லை. புத்தகங்களை உள்ளே போட்டாள். போட்டுக்கொண்டே ஜன்னல் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். பஸ் ஒன்று வந்தது, போனது. அவன் ஏறவில்லை. இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வக்கீலம்மா சொல்லியிருந்ததால் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நாங்கள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் எழுந்து நின்று மரியாதையாகப் பேசினான், போனை எடுத்து எதையோ காட்டினான். ஒரு போலீஸ்காரர் மேலே ஏறி வந்தார்.

“நூத்திப் பதினெட்டு மீட்டராம்மா, போன்லயே அளந்து வச்சிருக்கான். உத்தரவுல நூறுன்னுதானே போட்டிருக்கு? போன் பண்ணல, கூப்பிடல, பஸ்ஸுக்கு நிக்கிறேன்கிறான். நான் என்னத்தைச் சொல்லிப் புடிக்கிறது?”

“எந்த பஸ்ஸுக்கு? மூணு பஸ் போயிடுச்சு!” என்று நான் கத்தினேன்.

“சின்னப் பசங்க காதல் விவகாரம்மா. ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் உட்கார்ந்து பேசி முடிங்க.”

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள், ஒருதரம் இல்லை, ஏழெட்டுத் தரம். “நூறு மீட்டர்னு கேட்டதும் நான்தானே. படிவத்துல இருந்ததை அப்படியே அடிச்சேன். பின்தொடரக் கூடாது, பார்த்துட்டு நிக்கக் கூடாதுன்னு ஒரு வரி கேட்டிருந்தா இப்ப இவரு புடிச்சிருப்பாரே. ஒரு வரி. ஒரே ஒரு வரி.” நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பதினோரு வருஷமாக உள்ளே வாங்காத எல்லோருடைய அழுகையும் அன்றைக்கு அவளுக்கு வந்தது. பெண் அவளைப் பார்த்தாள். ஆறுதல் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

“எனக்கு இப்ப கோர்ட்டுக்குப் போகணும்” என்றாள் போலீஸ்காரரிடம். “நீங்க கூட வாங்க. அதுக்கு உத்தரவுல எதுவும் தடை இல்லையே?”

 அவர் பையைத் தானே தூக்கிக்கொண்டார், ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு நாங்களும் போலீஸ் ஜீப்பில் ஏறினோம். ஜீப் பேருந்து நிறுத்தத்தைக் கடந்தபோது அவன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அந்த நிறுத்தம் மறையும்வரை அவள் இருக்கை விளிம்பை விடாமல் பிடித்திருந்ததை, எதிர் இருக்கையில் இருந்து நான் பார்த்தேன்.

வக்கீலம்மா எங்கள் கூரைக்குக் கீழேயே காத்திருந்தாள். நீதிபதி ஐந்து மணி வரை இருப்பார், அதற்குள் உத்தரவைத் திருத்தக் கேட்டு மனு போக வேண்டும். அவள் சொல்லச் சொல்ல அக்கா அடித்தாள். பின்தொடரக் கூடாது. அவள் இருக்கும் இடத்தை, படிக்கும் இடத்தை, எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்காணிக்கக் கூடாது. அவளுடைய படங்கள் எதையும் யாருக்கும் காட்டவோ அனுப்பவோ கூடாது, போனை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். பள்ளிக்குத் தகவல் போக வேண்டும், வெள்ளிக்கிழமைப் பரீட்சையை வேறு இடத்தில் எழுத ஏற்பாடு செய்ய வேண்டும். ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டு அக்கா நிறுத்தி, உதடு அசைய வாசித்தாள். இரண்டு இடத்தில், “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னாள்.

“இதெல்லாம் குடுத்தா அவன் நிறுத்திடுவானா?” என்று பெண் கேட்டாள்.

வக்கீலம்மா பொய் சொல்லவில்லை. “தெரியாதும்மா. ஆனா அடுத்த தடவை அந்த பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்தா, உட்கார்ந்ததுக்கே தூக்கிட்டுப் போலாம்.”

இளம் பெண்களுக்கான ஒரு விடுதியில் இடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். அது எங்கே என்பது வக்கீலம்மாவுக்குத் தெரியும், பெண்ணுக்குச் சற்று முன்னால்தான் காதோடு சொன்னார்கள். வக்கீலம்மா ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு பழுப்பு உறையையும் மேசைமேல் வைத்தாள். அக்கா பழக்கத்தில் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

பெண் தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“நானே எழுதறேன்” என்றாள். “நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.”

அக்கா எழுந்து மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஒரு காலில் செருப்பு இல்லை. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பெண் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு, மடக்கப்பட்ட அந்த விரலால் பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியாமல் மெதுவாக எழுத ஆரம்பித்தாள். இரண்டு எழுத்து எழுதிவிட்டு நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள்.

“நீங்களும்” என்றாள்.